கலாம் வாங்கிய அடி

எங்கள் ஆசிரியர் அறையில் பிரம்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், டீ ஆறுவதற்குள் அப்துல் கலாம் வந்துவிடுவார். "கலாமே அடி வாங்கினவர்தான் சார். ராம்நாட்ல படிச்சப்ப கணக்கு வாத்தியார் வெளுத்து வாங்கியிருக்காரு. அப்புறம்தான் ராக்கெட்டு, ஜனாதிபதி எல்லாம். இப்ப பாருங்க, நம்ம கையைக் கட்டிப்போட்டுட்டாங்க." சொல்கிற ஆள் மாறுவார், கதை மாறாது. திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், உப்பூர் என்று இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வேலை பார்க்கிற எங்களுக்குக் கலாம் பக்கத்துத் தெருக்காரர் மாதிரி. அவர் படித்த ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, தொண்டி பஸ்ஸில் ஏறிப் போனால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. அந்த உரிமையில் அவரை நினைத்த நேரத்துக்குச் சாட்சிக்கு இழுக்கிறோம்.

கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே எழுதியதுதான். ராமகிருஷ்ண ஐயர் வேறொரு வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறார். சிறுவன் கலாம் தெரியாத்தனமாக அந்த வகுப்புக்குள் நுழைந்துவிடுகிறான். ஐயர் அந்தக் காலத்துக் கண்டிப்பான வாத்தியார். கழுத்தைப் பிடித்து நிறுத்தி, வகுப்பு முழுக்கப் பார்த்திருக்கப் பிரம்பால் விளாசிவிடுகிறார். பல மாதங்கள் கழித்துக் கணக்கில் கலாம் முழு மதிப்பெண் வாங்கியதும், காலைக் கூட்டத்தில் அதே ஐயர் இந்த அடிக் கதையை எல்லோருக்கும் சொல்லி, தன் பிரம்பு பட்டவன் பெரிய ஆளாகிவிடுவான் என்கிற மாதிரி பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வகுப்பு மாறி நுழைந்ததற்குத்தான் அடி விழுந்தது. கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பிரம்பால்தான் மார்க் வந்தது என்று சொன்னவர் யார்? பிரம்பு பிடித்தவர். சரி, அதே பிரம்பு எத்தனை பையன்கள் முதுகில் விழுந்திருக்கும்? அவர்களில் யாரும் சுயசரிதை எழுதவில்லை. கணக்கு பீரியட் என்றாலே வயிறு கலங்கி, எட்டாம் வகுப்போடு நின்று, கடலுக்குப் போனவனின் கதையை ஆண்டுவிழா மேடையில் யாரும் சொல்வதில்லை. பெரிய ஆளான ஒருவரை வைத்துப் பிரம்புக்கு நற்சான்றிதழ் கொடுப்பது கணக்கு வாத்தியார் செய்யக்கூடிய கணக்கு இல்லை.

கலாம் அந்த ஐயரைப் பற்றிக் கசப்பாக எழுதவில்லை என்பது உண்மை. அவர் சுபாவம் அப்படி. ஆனால் அதே ஷ்வார்ட்ஸ் பள்ளியில் தன்னை ஆளாக்கியவர் என்று அவர் கொண்டாடுவது இன்னொருவரை: அய்யாதுரை சாலமன். பையனோடு உட்கார்ந்து பேசி, நீ ஆசைப்படுவதை உன்னால் அடைய முடியும் என்று நம்ப வைத்தவர். எங்கள் ஆசிரியர் அறையில் சாலமன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவர் வழிக்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் இருக்கலாம்.

அதே புத்தகத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. இரண்டாம் உலகப் போர் நேரம். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பது ரத்தாகிவிட்டது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடுகிற ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளைத் தூக்கிப் போடுவார்கள். பேப்பர் ஏஜென்டாக இருந்த அவர் உறவினர் சம்சுதீனுக்குக் கட்டுகளைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குப் போனவன் கலாம். பத்து வயது இருந்தால் அதிகம். முதல் சம்பளம் வாங்கிய பெருமையைப் பல ஆண்டு கழித்தும் மறக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு ஊரே படிக்க வேண்டிய பேப்பருக்குப் பொறுப்பாக இருந்த பையன்தான், ஒருநாள் வகுப்பு மாறி நுழைந்து கழுத்துப் பிடிபட்டு நின்றவன்.

எங்கள் வகுப்பிலும் இதே கதைதான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முதல் பீரியட் முடியும்போது வருவான், வந்ததும் கடைசி பெஞ்சில் தலை சாய்ப்பான். 'பொறுப்பே இல்லாத பய' என்று ஆசிரியர் அறையில் பெயர் வாங்கியவன். ஒருநாள் விடிகாலையில் கரைப் பக்கம் போனபோது அவனைப் பார்த்தேன். முந்தின நாள் போட்ட நண்டு வலையைக் கரைக்குக் கொண்டுவந்து அப்பாவும் அவனும் நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வலை நரம்பில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் எடுக்க வேண்டும். ஒடிந்தால் விலை போகாது. அவசரப்பட்டால் கடியும் விழும். அவன் கை போன வேகத்தைப் பார்த்தால் கடைசி பெஞ்சுக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எடை போடுகிற இடத்தில் ஏஜென்ட் சொன்ன கணக்கில் ஒரு தப்பைப் பிடித்துச் சொன்னதும் அவன்தான். அதே பையனை என் கணக்கு வகுப்பில் எழுப்பினால் வாய் திறக்க மாட்டான்.

படிக்கிற பிள்ளை கடலுக்குப் போவது சரி என்று சொல்ல வரவில்லை. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூட, வீட்டுத் தொழிலில் பிள்ளை கை கொடுப்பதைப் பள்ளி நேரத்துக்கு வெளியே, படிப்பு கெடாமல் என்றுதான் அனுமதிக்கிறது. நான் கேட்பது வேறு. வீட்டில் வலைக்கும் எடைக்கும் பொறுப்பாக இருக்கிறவனுக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் கொடுத்த பொறுப்பு என்ன? கையைக் கட்டு, வாயை மூடு, நேராக உட்கார். அவ்வளவுதான். அதில் தேறாதவனைப் பொறுப்பற்றவன் என்று எழுதி வைத்துவிடுகிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எந்தப் படகு போகலாம், எது போகக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று இந்தக் கடலைப் பங்கு வைத்திருக்கிற ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் வருஷச் சட்டம் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். யார் மீறினார்கள், அதனால் யார் வலை அறுந்தது, பஞ்சாயத்தில் என்ன முடிவாச்சு என்பது வரைக்கும் சொல்லும். அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து விதிகள் எதற்காக இருக்கின்றன என்று நாம் அவர்களிடம் சொன்னதே இல்லை.

அதனால் ஒரு ஜூன் மாதம் வகுப்பு விதிகளை அவர்களையே எழுதச் சொன்னேன். பிள்ளைகள் மென்மையாக எழுதுவார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரியாது. லேட்டாக வந்தால் முட்டி போட வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் பத்து அடி. பேசினால் வெயிலில் நிற்க வேண்டும். நாங்கள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். "எனக்குச் சட்டம் அனுமதிக்காத எதையும் நீங்களும் எழுத முடியாது"ன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் குழம்பினார்கள். பிறகு ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அப்ப லேட்டா வந்தா என்ன நட்டமோ அதைச் சரி பண்ணணும் சார்" என்றாள். அங்கிருந்து பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

கடைசியில் நின்ற விதிகள் கொஞ்சம்தான். காலையில் வர முடியாது என்று தெரிந்தால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சொன்னவனுக்காக ஒரு கூட்டாளி நோட்டு எழுதி வைப்பான், அவன் அன்று சாயங்காலத்துக்குள் படித்துவிட்டு என்னிடம் வர வேண்டும். சொல்லாமல் நின்றால்தான் குற்றம். உடைத்தவன் சரி செய்ய வேண்டும். ஒருவனைக் கேலி செய்தால், எந்தக் கூட்டத்தின் முன்னால் செய்தானோ அதே கூட்டத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம் என்று பையன்கள் சொல்வார்கள். பத்து அடியே தேவலை என்றான் ஒருவன். அடி வாங்கினால் கணக்கு தீர்ந்துவிடுகிறது, மன்னிப்புக் கேட்டால் தீர்வதில்லை என்பது அவனுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

'உடைத்தவன் சரி செய்ய வேண்டும்' என்பதற்குச் சீக்கிரமே சோதனை வந்தது. இரண்டு பேர் கட்டிப் புரண்டதில் ஒரு பெஞ்சின் கால் விரிந்துபோனது. காசு வசூலிக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அப்பன் பணத்தில் தீர்க்கிற தண்டனை அப்பனுக்குத்தான் தண்டனை. அடித்துக்கொண்ட இருவருமே படகு ஒட்டுகிற இடத்துக்குப் போய், மிச்சம் கிடந்த ஃபைபர் விரிப்பும் பசையும் கேட்டு வாங்கி வந்து, படகுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி பெஞ்சுக் காலுக்கு ஒட்டுப் போட்டார்கள். நாலு நாள் வகுப்பில் அந்த நாற்றம். ஒட்டு அசிங்கமாகத்தான் இருக்கிறது, பெஞ்சும் இன்னும் லேசாக ஆடுகிறது. ஆனால் அதில் யாராவது ஏறி நின்றால் முதலில் சத்தம் போடுவது அந்த இரண்டு பேர்தான்.

கரும்பலகை ஓரத்தில் கட்டம் போட்டு 'பேசியவர்கள்' என்று எழுதி வைக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் அது தெரியும். ஆசிரியர் வெளியே போனதும் லீடர் சாக்பீஸோடு எழுந்து நிற்பான். பெயர் எழுதுவான். திரும்பப் பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதையும் தாண்டினால் 'மிக மிக அதிகம்'. இதனால் லீடர் கற்றுக்கொள்வது என்ன? கூட்டாளி பெயரை விட்டுவிடலாம், ஒரு மிட்டாய்க்குப் பெருக்கல் குறியை அழித்துவிடலாம், பிடிக்காதவன் பேசாமல் இருந்தாலும் எழுதிவிடலாம். திண்ணைப் பள்ளிக் காலத்துச் சட்டாம்பிள்ளையின் மிச்சம் இது. கயிற்றில் தொங்கவிடுகிற கோதண்டம் போய்விட்டது, சட்டாம்பிள்ளை போகவில்லை.

சட்டாம்பிள்ளை ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் இருந்தது, அதைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். 1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்து, இங்கேயும் செய்யலாமே என்று தன் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் மசியவில்லை. (வாத்தியார்கள் எந்தக் காலத்திலும் வாத்தியார்கள்தான்.) உடனே கீழ் வகுப்பை ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டார். அவன் நடத்திக் காட்டினான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை 1797-ல் பெல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்து அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வைத்துக்கொண்டது. குறைந்த செலவில் கூட்டத்தைச் சமாளிக்கும் இயந்திரமாக அது பின்னால் ஆனது வேறு கதை. ஃபிரிஸ்கனிடம் கொடுத்த வேலை சொல்லிக்கொடுப்பது. நம் லீடரிடம் கொடுத்திருக்கிற வேலை காட்டிக்கொடுப்பது.

பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த நல்ல வழக்கம் சமீப காலத்திலும் இருந்திருக்கிறது. செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது, தொடக்கப் பள்ளிகளில் சுய வருகைப் பதிவு இருந்தது. பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே குறிக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நம்பிக் கொடுத்ததை ஒன்பதாம் வகுப்பில் ஏன் திரும்ப வாங்கிக்கொண்டோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சக ஆசிரியர்களின் கோபத்தை நான் சும்மா தள்ளிவிடவில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்தி, 2003-லேயே பிரம்பைத் தடுத்தார்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஒழுங்காக அமல்படுத்தச் சொன்னது. எல்லாம் சரி. பிரம்பை வாங்கி வைத்தவர்கள் பதிலுக்கு எங்கள் கையில் என்ன கொடுத்தார்கள்? ஒரு சுற்றறிக்கை. வகுப்பில் நெரிசல், ஆலோசகர் கிடையாது, பாடம் முடித்தாயா என்று கேட்கப் பத்துப் பேர். 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறைக்குள்ளேயே குத்திக் கொன்ற செய்தியை எங்களில் யாரும் மறக்கவில்லை. 2022-ல் வேலூர்ப் பக்கம் மாணவர்கள் மேசையை உடைத்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். பயம் இருக்கிறது, அவமானமும் இருக்கிறது. கையைக் கட்டிப்போட்டார்கள் என்று ஒருவர் சொல்லும்போது அவர் குரலில் இந்த இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

ஆனால் அந்த 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்த வைத்தியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒழுங்கீனம் செய்தவனை நிரந்தரமாக நீக்கி, காரணத்தை டி.சி.யிலேயே எழுதுவது. இது காகிதத்தில் அடிக்கிற பிரம்பு. முதுகில் பட்ட தழும்பு ஆறும், டி.சி.யில் பட்டது ஆறாது. பட்டணத்துப் பையனுக்கு வேறொரு பள்ளி கிடைக்கலாம். எங்கள் பக்கத்தில் டி.சி. வாங்கியவன் மறுநாள் காலை வள்ளத்தில் இருப்பான். பள்ளி அவனைத் திருத்தவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. கை கழுவியது, அவ்வளவுதான்.

உட்காரும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம். மறுபடியும் கலாமிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு. தொப்பி போட்ட கலாமும் பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்புகிறார். கூட்டாளி அழுதுவிடுகிறான். கோயில் அர்ச்சகரான அவன் அப்பா லட்சுமண சாஸ்திரி ஆசிரியரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் இந்தத் தீவை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார். ஆசிரியரும் திருந்தினார். வகுப்பு ஒழுங்கு என்ற பெயரில் நாம் செய்கிற இடமாற்றங்களில் எத்தனை இந்த மாதிரி என்று எனக்கு உறுத்தும். நாங்குநேரியில் மாணவர்களுக்குள் நடந்த சாதி வன்முறைக்குப் பின் நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது இதனால்தான். என் வகுப்பில் வரிசையும் அப்படித்தான், கூட்டுகிற முறையும் வருகைப் பதிவேட்டு எண்படிதான். கூட்டுவது என்றால் பெண்பிள்ளைகள், கழிவறை என்றால் இன்ன தெருப் பிள்ளைகள் என்று ஆகிவிட்டால், அதற்குப் பொறுப்புணர்வு என்று பெயர் சூட்டுவது அயோக்கியத்தனம்.

பெற்றோரிடம் பேசுவதுதான் இதிலெல்லாம் பெரிய வேலை. இந்தக் கரையில் பல வீடுகளில் ஆண்கள் சபுரில், வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். பையன் மேல் புகார் என்றால் வருவது தாய்மார்கள். வந்து நின்றதும் முதல் வார்த்தை: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்." அப்படிச் சொன்ன ஒரு தாயிடம், "வீட்ல என்னம்மா பண்ணுவான்?"ன்னு கேட்டேன். "வீட்லயா? கரண்டு பில்லு அவன்தான் கட்டுறான், கேஸு சிலிண்டர் அவன்தான் தூக்குறான். தங்கச்சிக்குக் காய்ச்சல்னா ராம்நாடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் அவன்தான் சார்." சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு, தோலை உரிக்கச் சொன்ன பையனைத் திரும்பிப் பார்த்தார். நூலக அலமாரிச் சாவியை மறுநாள் அவனிடம் கொடுத்தேன். அடுத்த மாதமே அவன் படிப்பில் பறந்துவிட்டான் என்றெல்லாம் கதை விட மாட்டேன். இங்கிலீஷில் இன்னும் ஃபெயில்தான். சாவியை ஒருநாள்கூட வீட்டில் மறந்துவிட்டு வந்ததில்லை.

எல்லோருக்கும் இது பலித்துவிடவில்லை. ராத்திரி முழுக்கப் போனில் விளையாடிவிட்டு வருகிறவனுக்கு என் விதிகள் ஒன்றும் செய்யவில்லை. கஞ்சா, போதை என்று போனவனுக்கு ஆசிரியர் மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும். தடைக்காலம் முடிந்த ஜூனில் கடலுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டவனும் உண்டு. அவனைத் தேடி வீட்டுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. பிரம்பு கையில் இருந்திருந்தாலும் இவர்களில் ஒருவரும் மாறியிருக்க மாட்டார்கள்.

இதை வாசிக்கிற ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் ஜூனில் வகுப்பு தொடங்கும்போது 'பேசியவர்கள்' கட்டத்தைப் போடாதீர்கள். வருகைப் பதிவு, குடிநீர், நூலக அலமாரி மூன்றையும், ஆசிரியர் அறையில் யார் பெயர் அதிகம் அடிபடுகிறதோ அந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதல் மாதம் தண்ணீர் ஒருநாள் தீர்ந்துபோகும், ஒரு புத்தகம் காணாமல் போகும். திரும்ப வாங்கிவிடாதீர்கள். காலாண்டுத் தேர்வு வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.